உறுதி கையில் இருக்கிறது, காணி யாருடையது?

கேள்வி: எனக்கு 63 வயது. சொந்த ஊர் வடமராட்சி. 1987இல் நோர்வேக்குப் போனேன். ஒஸ்லோவில் முப்பது வருடம் பஸ் ஓட்டினேன். நானும் மனைவியும் நோர்வே குடிமக்கள். பனியும் முழங்கால் வலியும் போதும் என்று, இருந்த வீட்டை விற்றுவிட்டு வெயிலுக்கு வந்துவிட்டோம். இப்போது கிளிநொச்சியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மனைவியின் ஒன்றுவிட்ட தம்பி காட்டி, முத்தையன்கட்டுப் பக்கம் ஐந்து ஏக்கர் வாங்கினேன். ஒரு கோடியே இருபது இலட்சம் ரூபாய் கொடுத்தேன். என்னிடமிருந்த பழைய அடையாள அட்டையைக் காட்டித்தான் உறுதிப் பத்திரம் முடித்தோம். கிணறு கட்டி, முட்கம்பி அடித்து, 240 தென்னம்பிள்ளை வைத்தேன். பதினாறு மாதம் ஒரு சத்தமும் இல்லை. மூன்று கிழமைக்கு முன் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பிய ஒரு பெண், இரண்டு பிள்ளைகளோடு வந்து காணிக்குள் தகரக் கொட்டில் போட்டுவிட்டார். தன் தகப்பனுக்கு அரசு கொடுத்த பெர்மிட் காணி என்று பொலித்தீனில் சுற்றிய ஒரு தாளைக் காட்டுகிறார். பிரதேச செயலகத்திலும் அந்தத் தகப்பனின் பெயர்தான் இருக்கிறதாம். என் உறுதி காணிப் பதிவகத்தில் பதிந்தது. பதிந்தது எப்படிப் பொய்யாகும்? விற்றவர் தொலைபேசியை எடுப்பதில்லை. காணி காட்டிய அந்த மச்சான், பொலிசைக் கொண்டு எழுப்புவோம் என்கிறார். ஒரு தரகர் பதினைந்து இலட்சம் தந்தால் பெர்மிட்டை என் பெயருக்கு மாற்றித் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்வது? தென்னம்பிள்ளைகளுக்கு யார் தண்ணீர் விடுவது?

பதில்:

ஐயா,

அவசரமான இரண்டை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தரகருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அந்தப் பெண்ணின் தகரத்தில் ஒருவரையும் கைவைக்க விடாதீர்கள். இரண்டில் ஒன்று தவறினாலும், இன்று முறைப்பாட்டுக்காரராக இருக்கிற நீங்கள் அடுத்த மாதம் எதிரிக் கூண்டில் நிற்க நேரும். மற்றதை ஆறுதலாகப் பேசுவோம்.

நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய உறுதிப் பிரதியைப் படித்தேன். வடிவத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் கேட்கிறபடி, உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துகிற நொத்தாரிசு இருக்கிறார், இரண்டு சாட்சிகள் இருக்கிறார்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் கூடியிருந்து கையெழுத்து வைத்ததாக எழுதியிருக்கிறது. முத்திரை வரியும் கட்டியாகிவிட்டது. ஆனால் பதிவகம் தாளைப் பதிகிறது, ஐயா. காணி யாருடையது என்று அங்கே ஒருவரும் விளங்கித் தீர்ப்புச் சொல்வதில்லை. ஒரே காணிக்கு இரண்டு பேர் உறுதியோடு வந்தால் எது முந்தும் என்ற சண்டையில் பதிவுக்குப் பெரிய பெறுமதி உண்டு. விற்றவரிடம் உரிமையே இல்லையென்றால், பதிவு அதைப் புதிதாக உண்டாக்கித் தராது.

இனி உங்கள் உறுதியின் இரண்டாம் பக்கத்தை எடுங்கள். விற்றவருக்குக் காணி எப்படி வந்தது என்று எழுதியிருக்கும் இடத்தைப் பாருங்கள். தகப்பன் கொடுத்த நன்கொடையும் இல்லை, இன்னாரிடம் வாங்கிய அறுதி விற்பனை உறுதியும் இல்லை. "நான் பத்து வருடத்துக்கு மேலாக இடையூறின்றி ஆண்டு அனுபவித்து வருகிறேன்" என்று அவர் தானே எழுதிவைத்த ஒரு வெளிப்படுத்தல் உறுதி. அதன் திகதி நீங்கள் வாங்குவதற்கு எட்டு மாதம் முந்தியது. முழு மோசடியும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. ஒருவர் நொத்தாரிசுக்கு முன்னால் இருந்து "நான் ஆள்கிறேன்" என்று அறிவித்தால் அது அவருடைய அறிவிப்பு மட்டுமே. தனியார் காணியாக இருந்திருந்தால்கூட, பத்து வருட ஆட்சியை நீதிமன்றத்தில் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். அரச காணியில் அந்தக் கதையே எடுபடாது. ஆட்சியுரிமையைத் தருகிற 1871ஆம் ஆண்டுக் காலவிதிப்புச் சட்டம், அரசின் உரிமையைத் தான் தொடமாட்டேன் என்று தன் வாயாலேயே சொல்லியிருக்கிறது.

உங்கள் காணி அரச காணி. நீங்கள் இடறிய இடம் இதுதான். உங்களைப் போல் வெளியிலிருந்து வருகிற பத்துப் பேரில் ஏழு பேர் இங்கேதான் இடறுகிறார்கள் என்று என் மேசை சொல்கிறது.

வடமராட்சியில் காணி என்றால் முதுசமாக வந்த பரம்பரைச் சொத்து, சீதனம், அறுதி, ஈடு என்கிற அடமானம். பாட்டனின் உறுதி தகரப் பெட்டிக்குள் நாப்தலின் உருண்டையோடு இருக்கும். யாரிடம் உறுதி, அவரிடம் காணி என்று வளர்ந்தவர்கள் நீங்கள். கிளிநொச்சியும் முத்தையன்கட்டும் அடங்கிய வன்னி வேறு. கிளிநொச்சி 1936இல், யாழ்ப்பாணத்தின் சனநெருக்கத்தையும் வேலையில்லாக் குறையையும் தணிக்கக் குடியேற்றமாக எழுந்த ஊர். அதன் பிறகு இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு என்று குளம் குளமாக மக்களை இருத்தினார்கள். விசுவமடுவில் படித்த வாலிபர் திட்டம் என்று பொடியன்களைக் காடு வெட்ட அனுப்பினார்கள். இவர்களுக்குக் காணி பெரும்பாலும் 1935ஆம் ஆண்டு 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கிடைத்தது. முதலில் பெர்மிட் என்கிற அனுமதிப்பத்திரம், நிபந்தனைகளை நிறைவேற்றினால் பிறகு அளிப்புப் பத்திரம். பெர்மிட்காரர் காணியை உழலாம், வீடு கட்டி இருக்கலாம். தன் விருப்பத்துக்கு விற்க முடியாது. அளிப்புப் பத்திரம் பெற்றவரும் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. அந்தச் சட்டத்தின் 162ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. சட்டத்துக்கு மாறான அப்படியொரு உறுதியை நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தக் கூடாது, எழுதினால் அது வெறும் தாள் என்கிறது.

ஆகவே வன்னியில் காணி பார்க்கப் போகிறவர் முதலில் ஏறவேண்டிய படி பிரதேச செயலகத்தின் காணிக் கிளைப் படி. அங்கே காணி உத்தியோகத்தரிடம் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றே: இது அரச காணியா, தனியார் காணியா? அதன் பிறகு, காட்டோரமாக இருந்தால் வனவளத் திணைக்களத்தின் எல்லைக் கல் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். காணிப் பதிவகத்தில் உறுதித் தொடரை முப்பது வருடத்துக்குப் பின்னோக்கித் தேடுவது அதற்கும் பிறகுதான். உங்கள் மச்சான் உங்களை நேராக நொத்தாரிசின் கதிரைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்.

நொத்தாரிசுகளைப் பற்றி ஒரு வார்த்தை, நானும் அதே தொழில் செய்கிறவன் என்பதால். பல வருடங்களுக்கு முன் ஒரு தரகர் ஒரு வயதான அம்மாவை என்னிடம் கூட்டி வந்தார். அடையாள அட்டை சரி, பழைய உறுதி சரி. கையெழுத்து வைக்கும் முன் சும்மா கேட்டேன்: "அம்மா, உங்கள் காணிக்குக் கிழக்கில் யார்?" அவர் பதில் சொல்லவில்லை. தரகரின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். பேனையை மூடி வைத்துவிட்டேன். உண்மையான சொந்தக்காரி கனடாவில் இருந்தார் என்று பிறகு தெரிந்தது. அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு அரை நிமிடம் ஆனது. உங்கள் உறுதியை முடித்தவர் அந்த அரை நிமிடத்தைச் செலவழிக்கவில்லை. அவருக்கு எதிராக முறையிட வழி உண்டு. அதை இரண்டாம் கட்டத்தில் செய்யலாம்.

இனி உங்களுக்குப் பிடிக்காத பகுதி. 2014ஆம் ஆண்டு 38ஆம் இலக்கக் காணி (பராதீனப்படுத்தல் மீதான மட்டுப்பாடுகள்) சட்டம், வெளிநாட்டுக் குடிமகனுக்குக் காணியின் உரிமையைக் கைமாற்றுவதைத் தடுக்கிறது. 2013ஆம் ஆண்டு தை முதலாம் திகதியிலிருந்து அது செல்லும். தொடர்மாடி வீடு, நெருங்கிய உறவிடமிருந்து வாரிசாக வருவது என்று சில விலக்குகள் உண்டு. ஐந்து ஏக்கர் தென்னந்தோட்டம் அதில் இல்லை. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு இந்தத் தடை கிடையாது. ஆனால் உங்களிடம் அது இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமையைத் தானே விரும்பி எடுத்த நாளில் இலங்கைக் குடியுரிமை போய்விடும் என்பது இங்கே உள்ள சட்டம். புலம்பெயரும் முன் எடுத்த அந்த அடையாள அட்டை உங்கள் பணப்பைக்குள் இருந்ததே தவிர, அதன் பின்னால் குடியுரிமை இருக்கவில்லை.

நீங்கள் களவு செய்யும் எண்ணத்தோடு அட்டையை நீட்டினீர்கள் என்று நான் நினைக்கவில்லை. "பழைய அட்டை இருக்குத்தானே, அது காணும்" என்று ஒருவர் சொல்லியிருப்பார். ஆனாலும் இதை உங்கள் சட்டத்தரணியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சத்தியக் கடதாசியில் "நான் இலங்கைப் பிரஜை" என்று ஒரு வரி தவறியும் எழுதிவிடாதீர்கள். காசைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டால், "சட்டம் தடுத்த கொடுக்கல் வாங்கலில் தெரிந்து இறங்கியவருக்கு நீதிமன்றம் ஏன் கைகொடுக்க வேண்டும்?" என்று எதிர்த்தரப்பு முதல் தவணையிலேயே கேட்கும். அதற்குப் பதில் உண்டு. மறைத்து வைத்துப் பிடிபட்ட பிறகு சொன்னால் அந்தப் பதிலுக்குப் பெறுமதி இருக்காது.

பொலிசைக் கொண்டு எழுப்புவது. நீதிமன்றக் கட்டளை இல்லாமல் பொலிஸ் ஒருவரையும் காணியிலிருந்து எழுப்ப முடியாது. 1979ஆம் ஆண்டு 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவைப் பற்றி யாராவது உங்களுக்குச் சொல்லுவார்கள். காணித் தகராறால் சமாதானம் குலையக்கூடும் என்றால் பொலிசாரோ தரப்பினரோ அதன்கீழ் நீதிமன்றத்துக்குப் போகலாம். அப்படிப் போவதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவருக்கு ஆட்சியைத் திருப்பிக் கொடுக்கவும் நீதிமன்றத்தால் முடியும். உங்களுக்கு மூன்று கிழமைதான் ஆகிறது. கணக்கு சரியாக வரும். கொஞ்சம் துணிந்த சட்டத்தரணி என்றால் நாளைக்கே மனுவை எழுதிவிடுவார்.

நான் எழுத மாட்டேன். அந்தக் கட்டளை தற்காலிகமாக யார் இருப்பது என்று மட்டும் சொல்லும், உரிமையைத் தீர்க்காது. நீங்கள் வென்று உள்ளே போன மறுகிழமை, பிரதேச செயலாளர் 1979ஆம் ஆண்டு 7ஆம் இலக்க அரச காணிகள் (ஆட்சி மீளப்பெறல்) சட்டத்தின்கீழ் உங்களுக்கு வெளியேறும் அறிவித்தல் கொடுக்கலாம். அந்தச் சட்டத்தில் நீதவான் கேட்பது ஒன்றே ஒன்று: அரசின் செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ எழுத்து மூலமான அதிகாரமோ இருக்கிறதா? உங்கள் உறுதியை அங்கே நீட்டிப் பயனில்லை. அந்தப் பெண்ணிடம் பொலித்தீனில் சுற்றிய தாள் இருக்கிறது. கடல் கடந்து, முகாமில் இத்தனை வருடம் கிடந்து, அதை நனையாமல் திருப்பிக் கொண்டு வந்திருக்கிறார். அவருக்கு வாரிசுரிமை முறைப்படி வருகிறதா, வேறு சகோதரர் இருக்கிறார்களா என்பதெல்லாம் பிரதேச செயலாளர் விசாரிக்க வேண்டியவை. ஆண் பிள்ளைக்கு முதலிடம் கொடுத்த பழைய வாரிசு ஒழுங்கையும் 2022இல் திருத்திவிட்டார்கள். எப்படிப் பார்த்தாலும் உங்களை ஏமாற்றியவர் அவர் இல்லை. தொலைபேசியை எடுக்காதவர் வேறொருவர்.

அந்தத் தொலைபேசிக்காரரைப் பிடிக்கத்தான் உங்கள் பலம் எல்லாம் தேவை. இங்கே எனக்கு ஒரு கவலை இருக்கிறது. உங்கள் உறுதியின் முதற் பக்கத்தில் விலை பதினெட்டு இலட்சம் என்று இருக்கிறது. கொடுத்தது ஒரு கோடியே இருபது. முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு மூன்று வீதம், மிச்சத்துக்கு நான்கு வீதம். அதில் நான்கு இலட்சத்துச் சொச்சம் மிச்சம் பிடிக்க, ஒரு கோடியே இரண்டு இலட்சத்துக்கான எழுத்தைக் கைவிட்டிருக்கிறீர்கள். ஈற்றுப் பக்கத்தில் நொத்தாரிசின் அத்தாட்சியைப் பாருங்கள். பணம் தன் முன்னிலையில் கைமாறியதா இல்லையா என்று அவர் அங்கே எழுத வேண்டும். உங்களுடையதில் "என் முன்னிலையில் செலுத்தப்படவில்லை" என்று இருக்கிறது.

ஆகவே காசு போன பாதையை நீங்களே கட்டியெழுப்ப வேண்டும். ஒஸ்லோவில் வீடு விற்ற பத்திரம், வங்கியிலிருந்து எடுத்த திகதிகள், இங்கே வங்கிக்கு வந்த தொகைகள். உண்டியலில், அதாவது வங்கியைத் தவிர்த்துத் தனியாட்கள் மூலம், அனுப்பியதாக ஒரு பகுதியைச் சொல்கிறீர்கள். அதற்கு ரசீது கிடையாது, ஆனால் "காசு கிடைத்தது" என்று வந்த வைபர், வாட்ஸப் செய்திகள் இருக்கும். குரல் பதிவுகளை அழிக்க வேண்டாம். தொலைபேசியை மாற்ற வேண்டாம். மனைவியின் தொலைபேசியையும்தான், மச்சான் பெரும்பாலும் அவரோடுதான் பேசியிருப்பார். கிணறு வெட்டியவரின் சிட்டை, கம்பிக் கட்டை வாங்கிய பில், தென்னம்பிள்ளை வாங்கிய ரசீது எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள்.

அதன் பிறகு, காணி இருக்கும் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் விற்றவருக்கு எதிராக முறைப்பாடு. ஏமாற்றிச் சொத்தைக் கையளிக்கத் தூண்டுவது தண்டனைச் சட்டக் கோவையின் 403ஆம் பிரிவில் வரும். ஏழு வருடம் வரை சிறை. வெளிநாட்டுக்குப் பறக்கக்கூடிய ஆள் என்றால் அதையும் முறைப்பாட்டிலேயே சொல்லுங்கள்; பயணத்தடை கேட்க அது உதவும். காசுக்கான வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில். அங்கே காலம் முக்கியம். நட்டஈட்டு வழக்குக்குப் பொதுவாக இரண்டு வருடம், எழுத்தில்லாத கொடுக்கல் வாங்கலுக்கு மூன்று, எழுத்தில் உள்ள ஒப்பந்தத்துக்கு ஆறு. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று பெரிய வாதம் நடக்கும். அந்த வாதத்துக்கு இடம் வைக்காதீர்கள். உறுதி முடித்து பதினாறு மாதம் போய்விட்டது. எட்டு மாதம்தான் மிச்சம் என்று நினைத்து நடந்துகொள்ளுங்கள். வழக்குப் பதிந்தவுடன், விற்றவரின் பெயரில் வேறு சொத்து இருந்தால் அதைக் கைமாற்றாமல் தடையுத்தரவு கேட்க வேண்டும். மோசடிக் காசு வீடாகவோ வாகனமாகவோ எங்காவது நிற்கும். நிற்கும்போதே பிடிக்க வேண்டும்.

மச்சானைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் முழுக் கடிதத்தில் அவர் நான்கு இடத்தில் வருகிறார், நான்கிலும் நல்லவராகவே வருகிறார். இருக்கலாம். ஆனால் அவருக்குத் தரகுக் காசு கிடைத்ததா என்று ஒரு தடவை நேரே கேளுங்கள், மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. பதிலைப் பொறுத்து அவர் உங்கள் சாட்சி அல்லது எதிரி. இரண்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு வழக்குப் பேச முடியாது. "இனி வாங்குவதை என் பேரில் வாங்குவோம் அத்தான்" என்று அவர் சொன்னால், தேநீரைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிடுங்கள்.

பதினைந்து இலட்சத் தரகரையும் முடித்துவிடுகிறேன். வெளிநாட்டுக் குடிமகனின் பெயருக்கு அந்தப் பெர்மிட் மாற வழியில்லை. ஆகவே அவர் ஒன்றில் இலஞ்சம் கொடுப்பார், அது உங்களுக்கும் குற்றம். அல்லது கள்ளப் பெர்மிட் அடிப்பார். மூன்றாவது சாத்தியமும் உண்டு, காசோடு காணாமற் போவார். ஒருமுறை ஏமாந்தவரின் பெயர் இந்தத் தொழிலில் கைமாறும். உங்கள் தொலைபேசி எண் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் திரும்பிப் போகப் போவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். அப்படியென்றால் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பியுங்கள். முன்பு நோர்வே குடியுரிமை எடுப்பவர் பழையதை விடவேண்டும் என்பதே விதியாக இருந்தது. 2020ஆம் ஆண்டு தை முதலாம் திகதியிலிருந்து நோர்வே இரண்டையும் வைத்திருக்க விடுகிறது. அது கிடைத்தாலும் இந்தக் காணியை உங்களுடையதாக்காது. அடுத்த காணிக்கு உதவும். அதுவரை இருக்க ஓர் இடம் வேண்டுமென்றால், உறுதித் தொடர் சரியான தனியார் காணியைக் குத்தகைக்கு எடுக்கலாம். 99 வருடம் வரை வெளிநாட்டவருக்கும் குத்தகை செல்லும். அதையும் நொத்தாரிசு முன்னால், உண்மையான தொகையை எழுதி.

கடைசியாகத் தென்னம்பிள்ளைகள். நம்பி வாங்கி நல்லெண்ணத்தோடு மேம்படுத்தியவர் அந்த மேம்பாட்டுக்கு ஈடு கேட்கலாம் என்று நம் ரோமன் டச்சுச் சட்டம் சொல்கிறது. அரச காணியில் அது மெலிந்த உரிமை. வழக்கில் அதை நம்பி இறங்கமாட்டேன். பேச்சில் நம்பலாம். அந்தப் பெண்ணுக்குக் கிணறு இல்லை, உங்களுடையதுதான் இருக்கிறது. நட்ட பிள்ளை இந்த வெயிலில் இரண்டு கிழமை தண்ணீர் இல்லாமல் தாங்காது. பிரதேச செயலாளரின் விசாரணை முடியும் வரை அவர் கிணற்றைப் பாவிக்கட்டும், தென்னம்பிள்ளைகளுக்குத் தண்ணீர் விடட்டும், கம்பியை ஒருவரும் பிடுங்க வேண்டாம் என்று கிராம அலுவலருக்கு முன்னால் பேசி, நான்கு வரி எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். "இதனால் எவருடைய உரிமையும் கூடவோ குறையவோ இல்லை" என்ற வரி அதில் கட்டாயம் இருக்க வேண்டும். இந்தமுறை மச்சானை அனுப்பாமல் நீங்களே போங்கள். போகும்போது 240 பிள்ளையையும் எண்ணிப் படம் எடுத்து, திகதியோடு கோப்பில் போடுங்கள்.